மூன்று பாட்டில் முதுகு நீர்

நான் லேப் வேலைக்குப் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறுகிற சாலையின் அடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது; அங்கே பாட்டில் கழுவச் சேர்ந்தேன். கழுவுகிற பாட்டிலுக்குள் என்ன வருகிறது, அதை வைத்து என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு லேப்காரரின் உயிரை வாங்கினேன். அவர் திருப்பத்தூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒரு மாதம் அவருடைய ஸ்டூல் காலியாகக் கிடந்தது. ஒருநாள் நான் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை. எழுபதுகளின் கடைசியில் அப்படி உட்கார்ந்துவிட முடிந்தது.

அவர் விட்டுப்போன அட்டை இல்லாத ஆங்கிலப் புத்தகம் ஒன்று, போளூர் பழைய பேப்பர் கடையில் வாங்கிய அகராதி ஒன்று. இந்த இரண்டும்தான் எனக்கு வாத்தியார்கள். ஒரு பக்கம் படிக்க ஒரு வாரம் ஆகும். ஆனால் படித்தது மறக்காது. அதைவிட எனக்கு மறக்காதது ஜனங்கள் பேசுவது. யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது, எழுதி வைத்தால்தான் இறங்கும். லேப் ரிஜிஸ்தரின் பின்பக்கம் முழுக்க அதுதான். முன்பக்கம் மலம், சிறுநீர், ரத்தம். பின்பக்கம் ஜனங்களின் வாய்.

எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா என்னைப் பற்றிச் சொன்னதுதான் அதில் முதல் வரி. “ஊரான் ஒண்ணுக்கை எட்டிப் பாத்துட்டு சம்பளம் வாங்கற ஒரே ஆளு நீதாம்பா. உனுக்கு டீ குடுக்கறப்பவே எனுக்கு பயமா கீது, இதையும் பாட்டில்ல ஊத்தி ஆட்டுவியோன்னு.”

எல்லாப் பரிசோதனைகளிலும் என்னைப் பயமுறுத்தியது முதுகு நீர்தான். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. மூளைக்குள்ளேயே இருக்கும் சிறிய அறைகளில் அது ஊறுகிறது. நோயாளியைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்கவைத்து, இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, சொட்டுச் சொட்டாக அந்த நீரை எடுப்பார்கள். நல்ல நீர் என்றால் பாறை இடுக்கில் பிடித்த தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். அதில் செல்கள் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. ஒன்றிரண்டு இருந்தால் தப்பில்லை.

அதனால் அதில் ஒரு செல்லைப் பார்த்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ‘நீ எந்த ஊரு?’ என்பதுதான். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆளை டீக்கடை அக்கா கேட்பது போலவே நானும் மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டு கேட்பேன், சில சமயம் வாய்விட்டே. உட்கரு மூன்று நான்கு துண்டாகக் கிடந்தால் அது பாலி. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, கிருமி நுழைந்தது தெரிந்ததும் கூட்டமாக ஓடிவருகிற ஜாதி. உருண்டையாக, கருத்த உட்கருவோடு, சுற்றிலும் மெல்லிய கரை வைத்தது போல இருந்தால் லிம்போ. நிணநீர் முடிச்சுகளிலிருந்து வருவது, மெதுவாக வரும், வந்தால் தங்கும். டி.பி. மூளைக்காய்ச்சலில் கடைசியில் மேலோங்கி நிற்பது இதுதான். அவரை விதை மாதிரி மடங்கிய உட்கரு உள்ளது மோனோ. இறந்ததைத் தின்று சுத்தம் செய்ய வருகிறவன். சிவப்பு அணுக்கள் இருந்தால் இரண்டே வழி. ஒன்று, தலைக்குள்ளே ரத்தம் கசிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசி போகிற வழியில் ஒரு சின்ன நாளத்தைக் குத்தியிருக்க வேண்டும்.

ஒருமுறை நெருக்கமாக, செங்கல் அடுக்கியது போல ஏழெட்டு செல்களைப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று நடுங்கிப் போனேன். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். அவை அந்த வீட்டுக்காரர்களே. நீர் ஊறுகிற அறைகளின் சுவரிலிருந்து உதிர்ந்தவை. வந்த விருந்தாளிகளுக்கு நடுவே வீட்டுக்காரனைத் திருடன் என்று பிடித்துக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

ஊசி குத்திய ரத்தமா, உள்ளே கசிந்த ரத்தமா என்று தெரிந்துகொள்ளத்தான் நீரை மூன்று பாட்டில்களில் பிடிப்பது. ஊசி குத்தியதென்றால் முதல் பாட்டில் சிவந்திருக்கும், இரண்டாவது வெளுக்கும், மூன்றாவது தெளிந்துவிடும். உள்ளே கசிந்ததென்றால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். காலியான பென்சிலின் பாட்டில்களை நானே கழுவி, வேகவைத்து, ரப்பர் மூடி போட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று பிளாஸ்திரியில் எழுதி மலைமேல் இருக்கும் டாக்டரம்மாவுக்கு அனுப்புவேன்.

அந்த அம்மாவும் எங்கள் ஆஸ்பத்திரிதான். மலைமேல் நான்கு கட்டில் போட்ட ஓட்டுக் கட்டடத்தில் தனியாக இருந்தார்கள். அங்கே மைக்ராஸ்கோப் கிடையாது. பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பினால் ஒன்றரை மணி நேரத்தில் பாட்டில் என் மேஜைக்கு வந்துவிடும். அதற்குமேல் ஆகக்கூடாது. பாலி செல்கள் உடம்பைவிட்டு வெளியே வந்தால் வெகுநேரம் தாங்காது. இரண்டு மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும்.

அந்த ஐப்பசியில் மழை சாலையை இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டு போயிருந்தது. பஸ் இல்லை.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். நனைந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் லேப் வாசலில் வந்து நின்றார். முப்பது வயது சொல்லலாம். மலைக்காரர், கால் முழுக்கச் செம்மண். மடியிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே சாமை. சாமைக்குள் கையை விட்டு ஒரு பென்சிலின் பாட்டிலை எடுத்தார். விளிம்புவரை நிறைந்து, செம்பருத்திப் பூவைக் கழுவின தண்ணீர் போல இருந்தது.

“டாக்டரம்மா குட்தனுப்பிச்சாங்க சார். எம் பொஞ்சாதிது.”

கூடவே சீட்டு. ஏழு நாள் காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு. மூன்று பாட்டில் அனுப்புகிறேன், எந்த செல் அதிகம் என்று உடனே எழுதுங்கள். பென்சிலின் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

“மூணு பாட்டிலாச்சே, மத்த ரெண்டு எங்க?”

“ஒண்ணாக்கிட்டேன் சார்.”

“இன்னாது?”

“ஒவ்வொண்ணுலயும் மூணுல ஒரு பங்குதான் இருந்திச்சி. நோவு கண்ட வூட்லேர்ந்து வெளிய போற பொருளு கொறையா போவக் கூடாதுன்றது எங்க ஊர்ல உண்டு சார். சாமை குடுத்தாக்கூட படிமேல கோபுரமாத்தான் குடுப்போம், தலைதட்ட மாட்டோம். கொறையா குடுத்தா படுத்திருக்கற ஆளுக்கு ஆவாது. வழியில குந்தினு, ஒரு சொட்டு கீழ வுடாம ஊத்தினேன்.” காலியான இரண்டு பாட்டில்களையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். மூடி போட்டுத்தான் வைத்திருந்தார். “இதுவும் உங்களுதாச்சே.”

நான் அவர் கையைப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. கட்டைவிரல் அளவு பாட்டில்களில், மழையில், ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியிருக்கிறார். அதற்குமேல் எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

“எத்தினி மணிக்குக் கெளம்பினீங்க?”

“வெளிச்சம் வந்ததும் சார். ஓடை ரெண்டு எடத்துல மாரு மட்டத்துக்கு ஓடுது. சுத்தினு வந்தேன்.”

அப்படியென்றால் ஆறு மணி நேரம்.

கையால் சுற்றுகிற மெஷினில் கொஞ்சம் ஊற்றிச் சுற்றினேன். சிவப்பு அடியில் இறங்கியதும் மேலே நின்ற நீர் முழுத் தெளிவும் இல்லை, மஞ்சளும் இல்லை. தெளிவென்றால் ஊசி ரத்தம், மஞ்சளென்றால் உள்ளே கசிந்தது என்று சொல்லிவிடலாம். ஆறு மணி நேரம் குலுங்கி வந்ததில் சிவப்பு அணுக்கள் உடைந்தும் இப்படி இரண்டுமில்லாத நிறம் வரலாம். முதல் பாட்டிலும் மூன்றாவது பாட்டிலும் தனித்தனியே இருந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

எண்ணும் கண்ணாடி என்று ஒன்று உண்டு. உள்ளே கோடு கிழித்துக் கட்டம் போட்டிருக்கும். ஊதாச் சாயம் கலந்த அமிலத்தில் நீரைக் கலந்து அதில் விட்டால், சிவப்பு அணுக்கள் கரைந்து வெள்ளை அணுக்கள் மட்டும் ஊதாவாகத் தெரியும். எண்ணுவதற்கு என்னிடம் மெஷின் கிடையாது. இரண்டு மாத்திரை டப்பா. பாலி பார்த்தால் ஒன்றில் ஒரு புளியங்கொட்டை, லிம்போ பார்த்தால் மற்றதில் ஒன்று. கண்ணை எடுக்காமல் கையால் போட்டுக்கொண்டே போகலாம்.

பார்த்தேன். ஊதாத் தீற்றல்கள். ஓரம் கிழிந்த, உரு இல்லாத, கையில் தேய்த்த கண்மை மாதிரி. இவை பாலியாக இருந்தவையா, வேறு எதாவதா என்று சொல்லும் அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. ஊர் கேட்டால் சொல்ல வாய் இல்லை. முழுசாக இருந்தவை சில லிம்போக்கள், இரண்டு மூன்று பாலி. ரத்தத்தோடு சேர்ந்தும் வெள்ளை அணுக்கள் வரும். சிவப்பு ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு என்று கழித்துவிட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. கழித்தேன். கழித்தபின் மிஞ்சியது பெரிதாக ஒன்றுமில்லை.

நான் எண்ணுகிற நேரமெல்லாம் அந்த மனிதர் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் அவளைப் பற்றி.

“மொத நாளு தலநோவு வந்தப்ப இன்னா சொன்னா தெரியுமா சார்? ‘தலைக்குள்ள யாரோ உரல் போட்டு இடிக்கறாங்க. சும்மாதான இடிக்கறாங்க, நம்ம சாமையயாவது குத்திக் குடுக்கச் சொல்லு’ன்னா. எனுக்கு சிரிப்பு வந்திட்ச்சி. சிரிச்சிட்டேன் சார், நோவுன்னு தெரியாம.”

நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தேன்.

“வேற இன்னா சொல்லுவாங்க?”

“அவ வாய்க்கு இன்னா கொறச்சலு. ரோடு போடறோம்னு வருசா வருசம் வந்து சங்கிலி புடிச்சி அளந்துனு போவாங்க. ‘அளந்ததெல்லாம் ஒண்ணா முடிஞ்சா இந்நேரம் டில்லிக்கு ரோடு போயிருக்கும்’ன்னுவா. என்னிய, ‘நீ ஒரு பேச்சு பேசி முடிக்கறதுக்குள்ள சாமை வெளைஞ்சிடும்’ன்னுவா. நான் இவ்ளோ பேசறத அவ பாத்தா நம்ப மாட்டா சார்.”

ரிஜிஸ்தரைத் திருப்பிப் பின்பக்கம் மூன்றையும் எழுதிக்கொண்டேன். அதன்பிறகு முன்பக்கம் திருப்பிச் சீட்டு எழுத உட்கார்ந்தேன்.

நான் எழுதியிருக்க வேண்டியது ஒரே வரிதான்: நீர் கலந்து வந்தது, காலம் கடந்து வந்தது, எதுவும் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கலந்து வந்தது என்று எழுதினால் டாக்டரம்மா இவரைத் திட்டுவார்கள். அந்த அம்மா நல்லவர்தான், கோபம் வந்தால் யாரென்று பார்க்க மாட்டார். ஓடையைச் சுற்றிக்கொண்டு ஆறு மணி நேரம் நடந்து வந்தவர் கையில் ஒன்றும் சொல்லாத காகிதத்தைக் கொடுத்து, திரும்பி நடக்க அனுப்பவும் மனம் வரவில்லை. எண்ணிய எண்களை அழகாக எழுதினேன். கீழே, ‘பெரும்பாலும் ஊசி வழியில் வந்த ரத்தத்தோடு வந்த செல்களாகத் தெரிகிறது’ என்று சேர்த்தேன். காகிதம் நிறைவாக இருந்தது.

அவர் அதை வாங்கிச் சாமைக்குள் செருகி முடிந்துகொண்டார். “நல்லா கீதா சார்?”

“டாக்டரம்மா பாத்து சொல்லுவாங்க. பத்திரமா போங்க.”

மூன்று நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். அன்று மழை இல்லை. ஓடியே வந்திருக்கிறார் என்று நெஞ்சு ஏறி இறங்குவதில் தெரிந்தது. துண்டில் மூன்று முடிச்சு. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து மூன்று பாட்டில்களைத் தனித்தனியாக மேஜைமேல் வைத்தார். மூன்றும் குறைப் பாட்டில்தான். முதலாவதில் இளஞ்சிவப்பு, இரண்டாவதில் அதன் சாயல், மூன்றாவது தெளிவு.

“இந்த வாட்டி கலக்கல சார். கொறையாவே எட்தாந்தேன். டாக்டரம்மா கேட்டாங்க, ‘போன வாட்டி கலந்தியா’ன்னு. ஆமான்னேன். அந்தம்மா ஒண்ணுமே பேசல சார். திட்டியிருந்தாக்கூட தேவல.”

டாக்டரம்மாவின் சீட்டு சின்னது. உங்கள் ரிப்போர்ட்டை நம்பி, மருந்தை மாற்றாமல் மூன்று நாள் காத்திருந்தேன். காய்ச்சல் இறங்கவில்லை. இன்று கூப்பிட்டால் கண் திறப்பதில்லை. மறுபடி எடுத்திருக்கிறேன்.

மூன்றாவது பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவு என்று நினைத்ததற்குள்ளே ஏதோ லேசாக மினுங்கியது, கண்ணாடியில் மூச்சு விட்டது போல.

புளியங்கொட்டையை எடுக்கப் போனேன். விரல்கள் நழுவின, பாதி கீழே கொட்டிவிட்டது. அவர் குனிந்து பொறுக்கினார்.

“நான் போடறேன் சார். நீங்க சொல்லுங்க.”

அப்படித்தான் அன்று எண்ணினோம். நான் குனிந்து பார்த்துச் சொன்னேன், அவர் போட்டார். பாலி என்றால் சின்ன டப்பா, லிம்போ என்றால் பெரிய டப்பா.

“லிம்போ.” டக்.

“லிம்போ.” டக்.

“லிம்போ. பாலி. லிம்போ. லிம்போ.”

மூன்றாவது பாட்டிலில் சிவப்பு அணுவே இல்லை. ரத்தத்தோடு வந்தவை என்று கழிக்க எதுவும் கிடையாது. இவை எல்லாம் தானாக வந்தவை. ரத்தக் குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்கு வந்து குவிந்தவை. முதல் தடவை பாலியாக வந்து வழியில் கரைந்து, நான் தீற்றல் என்று தள்ளிய கூட்டமும் இதே நோய்க்கு வந்ததுதான். டி.பி. மூளைக்காய்ச்சல் ஆரம்ப நாட்களில் அப்படித்தான் வேஷம் போடும் என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை நான் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தவன்.

“சார், பெரிய டப்பா ரொம்பிட்ச்சி.” அவர் குரலில் ஒரு தெம்பு. “நெறைஞ்சி கோபுரமா நிக்குது. இது நல்ல டப்பாதான சார்?”

நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

“சொல்லுங்க சார். நல்ல டப்பாவா, கெட்ட டப்பாவா?”

“இன்னா வியாதின்னு தெரிஞ்சிட்டுது,” என்றேன். “அதுக்கு ஊசி கீது. மாசக்கணக்குல போடணும். இன்னிக்கே ஆரம்பிக்கணும்.”

“அப்ப நல்லதுதான்.”



சீட்டு எழுதினேன். செல்கள் ஏராளம், லிம்போ மேலோங்கி இருக்கிறது, மூன்றாவது பாட்டிலில் ரத்தம் இல்லை, டி.பி.யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதன் கீழே: முதல் தடவை மூன்றும் கலந்து, ஆறு மணி நேரம் கழித்து வந்தது. எனக்குத் தெரியும், எழுதவில்லை. அவர்மேல் தவறில்லை, தவறு என்னுடையது. டி.பி. ஊசிமருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பாட்டில்களை மருந்து அறையிலிருந்து வாங்கி ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தேன். டீக்கடை அக்கா அவருக்கு நின்றபடியே ஒரு டீயும் பன்னும் கொடுத்தார்.

“ஏம்பா, ஒரு வாய் குந்திச் சாப்பிடுப்பா. நீ வுழுந்துட்டா அவள யார் பாக்கறது?”

“குந்தினா எழுந்திருக்க மாட்டேங்க்கா,” என்று சொல்லிக்கொண்டே அவர் ஏறத் தொடங்கிவிட்டார். ரோடு வளைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இன்னாய்யா, உன் மூஞ்சி ஏன் இப்பிடி கீது?” என்றார் அக்கா. சொன்னேன், எல்லாவற்றையும். அக்கா எப்போதும் எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவர். அன்றைக்கு டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

நீரை மறுநாள்வரை அசையாமல் வைத்துப் பார்த்தேன். காலையில் பாட்டிலின் நடுவே சிலந்தி வலை போல மெல்லிய ஆடை தொங்கிக்கொண்டிருந்தது. டி.பி.க்கு அது அடையாளம். அதை எடுத்துக் கண்ணாடியில் பரப்பி, சாயம் ஏற்றி, இரண்டு மணி நேரம் தேடினேன். நீல நிறத்துக்கு நடுவே சிவப்பாக மூன்று குச்சிகள், டி.பி. கிருமிகள். மூன்றே மூன்று. எப்போதும் அதைக் கண்டுபிடித்தால் ஸ்டூலைவிட்டுக் குதித்து இறங்குவேன். அன்றைக்கு இறங்கிப் போய்ச் சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும் மலைக்குச் செய்தி போக வழி இல்லை.

சாலை சரியாகப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் என்னால் ஆன காரியம் எது என்று கேட்டால், பாட்டில் கழுவினேன். மேலே அவள் கண் திறந்தாளா, அந்த மனிதர் பையோடு ஓடையைத் தாண்டினாரா, எதுவும் தெரியாது. மலையைப் பார்ப்பேன். மேகம் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். லேப்பில் யாராவது ரத்தம் கொடுக்க வந்து, “கொஞ்சமா எடுங்க சார்” என்றால் எனக்குக் கோபம் வரும். யார்மேல் என்று தெரியாது. ரிஜிஸ்தரின் பின்பக்கம் அந்த மாதம் அவளுடைய மூன்று வரியோடு நின்றுபோயிருக்கிறது.

முதல் பஸ் வந்த அன்று டிரைவர் கையில் டாக்டரம்மாவின் சீட்டு வந்தது. ‘ஊசி நடக்கிறது. ஒன்பதாம் நாள் கண் திறந்தாள். கஞ்சி குடிக்கிறாள். இனிமேல் கலந்து வந்தால் எழுதுங்கள்.’ அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த அம்மாவோடு வேலை பார்த்தேன்; அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. மூன்று பாட்டில்களையும் ஒரு கயிற்றில் தனித்தனிக் கண்ணி போட்டுக் கட்டி, கலக்காமல் கொண்டுவரச் சொல்லும் வழக்கத்தை நான் ஆரம்பித்தது அதற்கப்புறம். கொண்டு வருகிறவரிடம் கயிற்றைக் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியனுப்பும்படி டாக்டரம்மாவுக்கு எழுதினேன்: குறையாகப் போனால்தான் இது நல்லது.

பங்குனியில், மலையிலிருந்து புளி இறங்குகிற சமயம், அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அவர் தோளில் ஒரு சாக்கு. பின்னால் அவள். நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுடைய முதுகு நீரைத்தான் பார்த்திருக்கிறேன். மெலிந்து, தலைமுடி உதிர்ந்து, தரை ஆடுகிறது போலக் கால் அகட்டி நடந்தாள். ஆனால் கண்கள் எல்லாவற்றையும் பார்த்தன. லேப், மைக்ராஸ்கோப், டப்பாக்கள், நான்.

“இவருதான்,” என்று அவர் என்னைக் காட்டினார், விரலால்.

எனக்கு வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது. “உக்காரும்மா. உரல் போட்டு இடிக்கறது நின்னுடுச்சா? டில்லிக்கு ரோடு போயிடுச்சா? உங்க பேச்செல்லாம் நான் எழுதி வச்சிருக்கேன், தெரியுமா?” ரிஜிஸ்தரைத் திறந்து பின்பக்கத்தைத் திருப்பினேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

“கேக்காது சார்,” என்றார் அவர். “ரெண்டு காதும் போயிட்டுது. பேசறது மட்டும் பேசறா.”

நான் ரிஜிஸ்தரைத் திறந்தபடியே மேஜைமேல் வைத்தேன்.

“டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?”

“அந்த வியாதியும் காத எடுக்குமாம். அந்த ஊசியும் எடுக்குமாம். எது எட்துச்சின்னு சொல்ல முடியாதுன்னாங்க.” அவர் என் மேஜையைப் பார்த்தார். “நீங்க இதுல பாத்தா தெரியுமா சார்?”

எந்தச் செல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டு வாழ்ந்தவன் நான். இது எங்கிருந்து வந்தது? வியாதியிலிருந்தா, அதற்குப் போட்ட ஊசியிலிருந்தா, நடுவில் போன அந்த மூன்று நாளிலிருந்தா? ஊசி முதல் நாளே போயிருந்தால் காது நின்றிருக்குமா? நின்றிருக்கலாம். நிற்காமலும் போயிருக்கலாம். வைத்துப் பார்க்க ஒரு சொட்டு கூட எங்கும் இல்லை. தெரியாது என்று அவரிடம் சொன்னேன். மூன்று நாளைப் பற்றியும் சொன்னேன். காகிதத்தில் நான் எழுதாமல் விட்டதையும்.

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். “கலக்கினது நான்தான சார்,” என்றார்.

“நீங்க தெரியாம கலக்கினீங்க. நான் தெரிஞ்சி எழுதல.”

அவர் சாக்கை அவிழ்த்து, கூடவே கொண்டுவந்திருந்த படியை எடுத்து, என் மேஜைமேல் பேப்பரை விரித்துச் சாமையை அளந்து கொட்டினார். படிமேல் கோபுரமாக வைத்து, சிந்தச் சிந்த, தலைதட்டாமல். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு இன்னொரு படி அளந்தார். சிந்திய சாமை மைக்ராஸ்கோப்பின் காலடிவரை உருண்டது.

அவள் திறந்து கிடந்த ரிஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் அந்த மூன்று வரிகளின்மேல் விரலை வைத்து, அவளைக் காட்டினேன். என் வாயைக் காட்டினேன். திரும்ப அவளைக் காட்டினேன். உரல் இடிப்பது போலக் கையை ஆட்டியும் பார்த்தேன். எனக்கே நான் என்ன செய்கிறேன் என்று புரியவில்லை. என் வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது; மன்னிப்பு என்றுதான் நினைக்கிறேன், ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் அடக்கமில்லாத பெரிய குரலில், காது கேளாதவர்கள் பேசுகிற குரலில், சொன்னாள்:

“நீங்க இன்னா பேசறீங்கன்னு எனுக்கு ஒண்ணும் தெரியல சார். நல்ல பேச்சா இருந்தா தலைய ஆட்டுங்க, நான் ஒத்துக்கறேன்.”

எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். அவள் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தலையை ஆட்டினேன்.